டிவி லைசென்ஸ் கடிதம் வந்தால் என்ன செய்வது? லண்டன் தமிழ் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஈஸ்ட் ஹாமில் நான் வேலை பார்க்கும் ஆரம்பப் பள்ளி வாசலில், சாயந்திரம் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அம்மாக்களில் யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒருமுறையாவது கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டுவார். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்." மடித்து மடித்து ஓரம் நைந்துபோன கடிதம். மேலே பெயர் இருக்காது. 'இந்த முகவரியில் சட்டப்படி குடியிருப்பவருக்கு' என்று மட்டும் இருக்கும். உள்ளே விசாரணை, நீதிமன்றம், 1,000 பவுண்டு வரை அபராதம் என்று தடித்த எழுத்தில் வரிகள். முதலில் பயம். அப்புறம் கோபம். "நாங்க பிபிசியே பாக்குறதில்லக்கா. எதுக்குக் கட்டணும்?"

டிவி லைசென்ஸ் என்பது இந்த நாட்டில் டிவி பார்க்க வருடாவருடம் கட்டும் கட்டணம். பிபிசி பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. அந்த அம்மாக்களின் கோபம் எனக்கும் உண்டு. ஆறு படுக்கையறை வீட்டில் இருப்பவரும், கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருப்பவரும் கட்டுவது ஒரே தொகை. 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. தண்ணீர் பில் கட்டாவிட்டால் நாம் கடன்காரர்தான். இதைக் கட்டாமல் டிவி பார்த்தால் குற்றவாளி. 2019-இல் இந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் 74 சதவீதம் பேர் பெண்கள். பகல் நேரத்தில் கதவு தட்டினால் யார் போய்த் திறப்பார்கள் என்று யோசித்தால் காரணம் புரியும். கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவள்தான் திறக்கிறாள், அவள் பெயரைத்தான் எழுதிக்கொள்கிறார்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த 74-ஐ மனதில் வைத்துத்தான்.

பன்னிரண்டு வருடமாக இந்தக் கடிதங்களைப் படித்துச் சொல்கிறேன். கட்டத் தேவையே இல்லாமல் பயந்து கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கட்ட வேண்டிய நிலையில் இருந்துகொண்டு, 'யூடியூப்தானே' என்று விட்டுவிட்டு மாட்டிக்கொண்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் கடிதம் பிரிக்கப்படாமல் பிரிட்ஜ் மேலே கிடந்திருக்கும். ஆகவே முதல் வேலை, கடிதத்தைப் பிரியுங்கள். ஒரு பேனாவும் டிவி ரிமோட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

உங்களுக்கு லைசென்ஸ் தேவையா?

'வீட்டில் டிவி இருந்தாலே கட்ட வேண்டும்' என்று பலர் சொல்வார்கள். அது தவறு. டிவி பெட்டி வைத்திருப்பதற்குக் கட்டணம் இல்லை. 'பிபிசி பார்க்காவிட்டால் வேண்டாம்' என்பதும் தவறு. நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது நம்பிக்கையில்தான்.

சட்டம் இரண்டே விஷயத்தைப் பார்க்கிறது. ஒன்று, எந்த சேனலாக இருந்தாலும், எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், அது ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் நீங்கள் பார்ப்பது அல்லது பதிவு செய்வது. இரண்டு, பிபிசி நிகழ்ச்சிகளை இணையத்தில் தரும் ஐபிளேயரில் எதையும் பார்ப்பது. ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். 2016 செப்டம்பர் 1 வரை அதற்கு விலக்கு இருந்தது, அன்றோடு போய்விட்டது. பார்ப்பது டிவியா, போனா, டேப்லெட்டா என்பதெல்லாம் கணக்கில்லை.

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரவு எட்டரைக்குப் போடும் சீரியல் இங்கே கோடையில் சாயந்திரம் நாலு மணி. அந்த நாலு மணிக்கே டிஷ் வழியாகவோ ஆப் வழியாகவோ சேனலை ஓடவிட்டுப் பார்த்தால், அது நேரலை. லைசென்ஸ் வேண்டும். அதே எபிசோடை இரவு பாத்திரம் எல்லாம் கழுவிவிட்டு, ஆப்பில் ஏற்றியிருப்பதைத் தேடிப் போட்டுப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டாம். சீரியல் ஒன்றுதான், பார்க்கும் நேரம் மட்டும்தான் வேறு.

யூடியூபில் சமையல், சினிமா காமெடி, போன வாரத்துப் பட்டிமன்றம் எல்லாம் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அதே யூடியூபில் தமிழ்ச் செய்திச் சேனல்கள் இருபத்து நாலு மணி நேரமும் நேரலை ஓட்டுகின்றன. தேர்தல் முடிவு வரும் நாளில் காலையிலிருந்து அதை ஓடவிட்டிருந்தால், நீங்கள் பார்ப்பது ஒரு டிவி சேனலின் நேரலை. அதற்கும் வேண்டும். கிரிக்கெட் மேட்ச் நேரலை என்றால் சொல்லவே வேண்டாம். நெட்பிளிக்ஸ், பிரைம் படங்களுக்கு வேண்டாம். ஆனால் அவற்றிலேயே மல்யுத்தமோ புட்பாலோ நேரலையாகப் போனால் வேண்டும். டிவிடி, வீடியோ கேம், ரேடியோ எதற்கும் வேண்டாம்.

கடைகளில் 'ஒரு தடவை வாங்கினால் போதும், எல்லா சேனலும் ஓசி' என்று விற்கும் பெட்டிகள் இருக்கின்றனவே, அவை லைசென்சிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. அதில் வருவதும் நேரலைதான். அனுமதி இல்லாத பெட்டி என்றால் அது தனியாக ஒரு சட்டச் சிக்கல். வாங்காதீர்கள்.

போன வருடம் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டில் இதை நாங்கள் உட்கார்ந்தே செய்து பார்த்தோம். "எங்கட வீட்டில ஒருத்தரும் லைவ் பாக்கிறேல்லை" என்று உறுதியாகச் சொன்னார். சரி, ஒவ்வொருவராகக் கேட்போம் என்றேன். மூத்த மகன் ரக்பி நடக்கும் நாட்களில் ஐடிவி ஆப்பில் பார்ப்பானாம். சின்னவள் பள்ளியில் சொன்னார்கள் என்று ஐபிளேயரில் ஒரு விலங்குகள் நிகழ்ச்சி பார்த்திருக்கிறாள். டேப்லெட்டில் அந்த ஆப்பைத் திறந்தால் 'உங்களிடம் டிவி லைசென்ஸ் இருக்கிறதா' என்று கேட்கும் இடத்தில் அவளே 'ஆம்' என்று அழுத்தி உள்ளே போயிருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளை. அக்கா முகம் வாடிவிட்டது. ஆகவே வீட்டில் இருக்கும் எல்லோரையும் கேளுங்கள், எல்லாத் திரையையும் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

தேவை என்றால்

அதிகாரப்பூர்வமான டிவி லைசென்சிங் தளத்தில் பத்து நிமிட வேலை. அன்றைய தொகை எவ்வளவு என்பதை அங்கேயே பாருங்கள். இரண்டு வருடம் 159 பவுண்டில் நிறுத்தி வைத்திருந்ததை 2024-இல் 169.50 ஆக்கினார்கள், அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

மாதத் தவணையில் எல்லோரும் தடுமாறும் ஒரு இடம் உண்டு, அதை விரிவாகச் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் வந்த 174.50-ஐயே எடுத்துக்கொள்வோம், பன்னிரண்டால் வகுத்தால் 14.54. ஆனால் முதல் தடவை டைரக்ட் டெபிட் போடுபவருக்கு வங்கியிலிருந்து மாதம் 29 பவுண்டுக்கு மேல் போகும். "டபுளா எடுத்துட்டாங்க அக்கா" என்று ஓடி வருவார்கள். யாரும் ஏமாற்றவில்லை. முதல் வருடத்து லைசென்சின் முழுத் தொகையையும் முதல் ஆறு மாதத்தில் வாங்கிவிடுகிறார்கள். அடுத்த ஆறு மாதம் மாதம் பதினாலரை பவுண்டு போலக் கட்டுவது அடுத்த வருடத்து லைசென்சின் பாதி. அதிலிருந்து எப்போதும் பாதி முன்பணமாகவே ஓடும். குறைந்த சம்பளத்தில் இருக்கும் குடும்பத்துக்கு முதல் ஆறு மாதம்தான் இடி. இப்படி வைத்திருப்பது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். முதல் வருடத்தில் யாருக்குக் கையில் காசு இருக்கிறது? ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் கணக்கில் பணம் வைத்துக்கொள்ளலாம், வங்கி அபராதமாவது இல்லாமல் போகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் முறையில் ஒவ்வொரு தவணைக்கும் 1.25 பவுண்டு கூடுதல். அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு சரிப்படாதவர்கள் பேமென்ட் கார்டு வாங்கி, பேபாயின்ட் (பில் கட்டும் வசதி) உள்ள கடையில் சிறு சிறு தொகையாகக் கட்டலாம். உண்மையிலேயே கடனில் தத்தளிப்பவர்களுக்கு 'சிம்பிள் பேமென்ட் பிளான்' என்று ஒன்று இருக்கிறது. அதில் முதல் ஆறு மாத இரட்டிப்பு கிடையாது, தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பரப்பிக் கட்டலாம். இலவசக் கடன் ஆலோசனை தரும் அமைப்பிடம் போய் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கறுப்பு வெள்ளை லைசென்ஸ் விலை குறைவு என்று யாராவது யோசனை சொல்வார்கள். விலை குறைவுதான், ஆனால் கறுப்பு வெள்ளை டிவிக்குத்தான் செல்லும். உங்களிடம் அது கிடையாது. விட்டுவிடுங்கள்.

தேவை இல்லை என்றால்

அதே தளத்தில் 'எனக்கு லைசென்ஸ் தேவையில்லை' என்று அறிவிக்கும் படிவம் இருக்கிறது. பெயர், முகவரி, சில கேள்விகள், அவ்வளவுதான். இதை நிரப்பித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. சிலர் 'நான் ஏன் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்' என்று கொள்கையாகவே நிரப்புவதில்லை. அது அவரவர் உரிமை. ஆனால் நம் பெண்களுக்கு நான் சொல்வது, நிரப்பிவிடுங்கள். மாதாமாதம் வரும் கடிதம் நிற்கும், நிம்மதியாகத் தூங்கலாம். அந்த அறிவிப்பு இரண்டு வருடம் செல்லும். அதற்குப் பிறகு மறுபடி கேட்பார்கள். இடையில் சரிபார்க்க யாராவது வீட்டுக்கு வரவும் கூடும்.

அறிவித்த அன்றே டேப்லெட்டிலும் டிவியிலும் ஐபிளேயர் ஆப்பை எடுத்துவிடுங்கள். கூரை ஆன்டெனாவின் ஒயரை டிவியிலிருந்து கழற்றி வையுங்கள். சட்டம் இதையெல்லாம் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகள் தெரியாமல் தொட்டுவிட்டால் நீங்கள் எழுதிக்கொடுத்தது பொய்யாகிவிடும்.

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர்கள் வங்கியில் டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்திவிட்டு 'முடிந்தது' என்று இருந்துவிடுகிறார்கள். முடியாது. லைசென்சை ரத்து செய்யச் சொல்லி அவர்களிடம் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அப்போது மீதமிருக்கும் முழு மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். முன்பணமாகக் கட்டியது இருக்கிறதல்லவா, அது உங்கள் காசு, கேட்டு வாங்குங்கள். வீடு மாறினால் லைசென்சானாலும் அறிவிப்பானாலும் தானாக உங்களோடு வராது. இரண்டும் முகவரிக்கானவை. கவுன்சிலுக்குச் சொல்லும் அன்றே இவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

கதவு தட்டினால்

2014-இல் மேனர் பார்க்கில் ஒரு வீட்டில் ஒற்றை அறை எடுத்து நானும் கணவரும் இருந்தோம். வீட்டுக்காரர், "எல்லா பில்லும் வாடகையில அடக்கம், டிவியும்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டில் ஐந்து அறை, ஐந்து தனித்தனி ஒப்பந்தம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகளுக்கு ஆறு மாதம், கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டியது. கூழ்க் கையோடு போய்த் திறந்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர், மரியாதையாகத்தான் பேசினார். அறைக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். வாடகையில் அடக்கம் என்றேன். நீங்கள் டிவி பார்ப்பீர்களா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். நேற்று ராத்திரி செய்தி பார்த்தேன் என்றேன். எழுதினார். காகிதத்தைத் திருப்பிக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். உள்ளே குழந்தை அழுகிறது. ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டேன். அந்தக் காகிதத்தின் மூலையில் கேழ்வரகு ஒட்டியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அறை அறையாகத் தனித்தனி ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு அறைக்கும் தனி லைசென்ஸ் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அன்று சாயந்திரமே 145.50 பவுண்டு கட்டினோம், அப்போது அதுதான் விலை. வழக்கு எதுவும் வரவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டால் "நான் சொன்னது டிவி பெட்டியை" என்றார்.

அன்று எனக்குத் தெரியாமல் இருந்ததை இப்போது சொல்கிறேன். வருபவர் போலீஸ் இல்லை. அவருக்கு உங்கள் வீட்டுக்குள் வர உரிமை இல்லை, நீங்கள் அனுமதித்தால்தான் வரலாம். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பேச விருப்பமில்லை என்றால் 'நோ தேங்க் யூ, ப்ளீஸ் லீவ்' என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம், அது குற்றமில்லை. கத்த வேண்டாம், தள்ள வேண்டாம், அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர். 'நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால்...' என்று அவர் ஒரு வாசகத்தைப் படிக்கத் தொடங்கினால் கவனமாகுங்கள். நீங்கள் அடுத்து சொல்வதெல்லாம் நீதிமன்றத்தில் சாட்சியாகலாம் என்பதற்கான எச்சரிக்கை அது. அவர் எழுதியதில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. போடுவதென்றால் முழுதும் படித்துவிட்டுப் போடுங்கள், புரியாவிட்டால் போடாதீர்கள்.

நீதிமன்றம் கொடுத்த தேடுதல் ஆணையோடு வந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது தடுப்பதே தனிக் குற்றம். ஆணையைக் கையில் வாங்கிப் படியுங்கள், முகவரியும் தேதியும் சரியா என்று பாருங்கள், உள்ளே விடுங்கள். இப்படி வருவது மிக அரிது. நான் உதவிய வீடுகளில் ஒன்றில்கூட நடந்ததில்லை.

இதையெல்லாம் சொல்வது பொய் சொல்லித் தப்பிப்பதற்காக இல்லை. பார்க்கிறீர்கள் என்றால் லைசென்ஸ் வாங்குங்கள். வாசற்படியில், அழும் குழந்தையோடு, பாதி புரிந்த மொழியில் ஒரு பெண் தனக்கு எதிராகத் தானே வாக்குமூலம் கொடுக்கும் நிலை வரக்கூடாது, அவ்வளவுதான்.

நீதிமன்றக் காகிதம் வந்துவிட்டால்

சாதாரண எச்சரிக்கைக் கடிதத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இதில் உங்கள் பெயர் இருக்கும், வழக்கு எண் இருக்கும், தலைப்பில் 'சிங்கிள் ஜஸ்டிஸ் புரொசீஜர் நோட்டீஸ்' என்று இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் இந்த மாதிரிச் சின்ன வழக்குகளை ஒரே ஒரு மாஜிஸ்திரேட், ஒரு சட்ட ஆலோசகரோடு உட்கார்ந்து, காகிதத்தை மட்டும் பார்த்து முடிக்கிறார். நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். பதில் அனுப்ப 21 நாள். அனுப்பாவிட்டாலும் வழக்கு நடக்கும், உங்கள் தரப்பில் ஒரு சொல்கூட இல்லாமல் நடக்கும்.

அந்த 21 நாளுக்குள் மூன்று வேலை. லைசென்ஸ் தேவை என்றால் உடனே வாங்கி, அதன் நகலை வைத்துக்கொண்டு டிவி லைசென்சிங்குக்குத் தெரிவியுங்கள். வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு. அடுத்து, நோட்டீசுக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று பதில் எழுதுங்கள். நீங்கள் நேரலை பார்க்கவே இல்லை என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'சீக்கிரம் முடியட்டும்' என்று குற்றத்தை ஏற்றுக் கையெழுத்திட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மூன்றாவது, வருமான விவரப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. நிரப்பாவிட்டால் நீதிமன்றமே ஒரு வருமானத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடும், வீட்டிலிருக்கும் தாய்க்கு அது பெரிய தொகையாகிவிடும். உடல்நலம் சரியில்லை, பிரசவம், வேலை போனது, கணவர் ஊரில் இல்லை என்று எது உண்மையோ அதை ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். மாஜிஸ்திரேட் கையில் உங்களைப் பற்றி இருக்கப்போவது அந்த ஒரு பக்கம்தான்.

கடிதமே கைக்கு வரவில்லை, பழைய முகவரிக்குப் போய்விட்டது, தீர்ப்பு வந்த பிறகுதான் தெரிந்தது என்றால், தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் 'ஸ்டாச்சுட்டரி டெக்ளரேஷன்' (சட்டப்படியான உறுதிமொழி) கொடுத்து வழக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லலாம்.

அபராதத்தின் உச்சம் 1,000 பவுண்டு, அதோடு வழக்குச் செலவும் சேரும். லைசென்ஸ் இல்லாததற்காக நேராகச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் விதித்த அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் அந்த வழி திறக்கும். இன்னொன்று, விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. நிரந்தரக் குடியிருப்புக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது தண்டனைகளைப் பற்றிக் கேட்கும் இடத்தில் இதையும் எழுதியாக வேண்டும். மறைத்தால் அதுவே பெரிய பிரச்சினை. அந்த நிலையில் இருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

மாணவர்களுக்கும் பாட்டிகளுக்கும்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் படிக்க வந்து ஒரே வீட்டில் நாலைந்து பேராக இருக்கும் பிள்ளைகள் முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பொதுவாக வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும், பங்கு போட்டுக் கட்டலாம். தனித்தனி ஒப்பந்தம் என்றால் என் மேனர் பார்க் கதைதான். 'அப்பா அம்மா வீட்டு லைசென்ஸ் மாணவருக்கும் செல்லும்' என்று உடன் படிப்பவர்கள் சொல்வார்கள். அவர்களுக்குச் செல்லும், ஏனென்றால் அவர்கள் பெற்றோர் இந்த நாட்டில் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள். அதுவும் சார்ஜரில் செருகாமல், பேட்டரியில் ஓடும் போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும். உங்கள் பெற்றோர் தாம்பரத்தில் இருக்கிறார்கள். செல்லாது.

வயதானவர்கள் விஷயம் எனக்கு மனதை அறுக்கும் விஷயம். 2000-லிருந்து 75 வயது தாண்டிய எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. 2020 ஆகஸ்ட் 1 முதல், அவர்களிலும் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவித்தொகை) வாங்கும் வீடுகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். கணவரை இழந்து, தனியாக, பேச்சுத்துணைக்கு டிவி மட்டுமே இருக்கும் 80 வயதுப் பாட்டி, பென்ஷன் கிரெடிட் வரம்புக்குச் சில பவுண்டு மேலே இருந்தால் முழுத் தொகையும் கட்ட வேண்டும். தகுதி இருந்தும் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் நிறைய. ஆகவே உங்கள் வீட்டு அம்மாச்சிக்கோ அப்பத்தாவுக்கோ முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள், அது கிடைத்தால் லைசென்ஸ் இலவசத்துக்கு வழி பிறக்கும். ஒரு எச்சரிக்கை: பிள்ளைகளின் பொறுப்பில் விசா வாங்கி வந்த பெற்றோருக்கு 'பொது நிதியில் உரிமை இல்லை' என்ற நிபந்தனை இருக்கலாம். அப்படி இருந்தால் பென்ஷன் கிரெடிட் கேட்கக் கூடாது, விசாவுக்கே ஆபத்து. பார்வையிழந்தவர் என்று பதிவு பெற்றவருக்குப் பாதிக் கட்டணம். லைசென்ஸ் அவர் பெயரில் இருக்க வேண்டும்.

'உங்கள் லைசென்ஸ் காலாவதி, இங்கே அழுத்துங்கள்' என்று வரும் மெயில்களில் எதையும் அழுத்தாதீர்கள். போலிகள் ஏராளம். தளத்தின் பெயரை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

இந்தக் கட்டணம் பிடிக்கவில்லை என்றால்

என் அப்பா மதுரையில் தபால் ஆபீஸில் ரேடியோ லைசென்ஸ் கட்டிய ஆள். அந்தச் சின்னப் புத்தகம் பீரோவில் ரொம்ப நாள் இருந்தது. எண்பதுகளில் அரசாங்கம் அந்த லைசென்சையே எடுத்துவிட்டது. அதே ரேடியோவில் அவர் இரவு தவறாமல் கேட்டது பிபிசி தமிழோசை. 1941-இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நின்றபோது போனில் என்னிடம் அழுதார். தமிழோசையை நடத்திய பிபிசி உலக சேவையின் பெரும் பங்குச் செலவு 2014-லிருந்து இந்த லைசென்ஸ் பணத்திலிருந்துதான் போகிறது. ஆகவே பிபிசி ஒழிய வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வசூலிக்கும் முறைதான் தவறு. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே தொகை, கட்டாவிட்டால் குற்ற வழக்கு என்று இருப்பதை மாற்ற வேண்டும். குற்ற வழக்கை எடுத்துவிடலாமா என்று 2020-இல் அரசாங்கமே மக்களிடம் கருத்துக் கேட்டது. அடுத்த வருடம் அப்படியே விட்டுவிட்டது.

இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. பிபிசி எந்த விதிகளின்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அரச சாசனம் 2027 டிசம்பர் 31-உடன் முடிகிறது. புதுச் சாசனத்தோடு லைசென்ஸ் கட்டணத்தின் கதியும் முடிவாக வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். குடியுரிமை இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதியில் குடியிருந்தால் எழுதலாம். நாடாளுமன்றத் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அவர் பெயரும் மெயிலும் வரும். ஒரு பக்கம் போதும். பொதுவாகத் திட்டி எழுதாமல் உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்: எந்த மாதம் கடிதம் வந்தது, முதல் ஆறு மாதம் கணக்கிலிருந்து எவ்வளவு போனது, பாட்டிக்கு எத்தனை பவுண்டு வித்தியாசத்தில் இலவசம் கிடைக்காமல் போனது. கடைசியில் உங்கள் முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் மறக்காமல் போடுங்கள். தம் தொகுதிக்காரர் என்று தெரியாவிட்டால் அவர்கள் பதில் எழுத மாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் தமிழில் எழுதிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வாருங்கள். மூன்றேகாலுக்கு மணி அடிக்கும், மூன்றரை வரை நான் அங்கேதான் நிற்பேன்.